லினக்ஸில் சமூகக் களஞ்சியம் என்றால் என்ன? நம்பி நிறுவலாமா?

பயனர்களே எழுதிப் பராமரிக்கும் மென்பொருள் பொதிகளின் தொகுப்பு அது. ஆர்ச் என்ற லினக்ஸ் வகையின் ஏயூஆர் (ஆர்ச் பயனர் களஞ்சியம்) நல்ல உதாரணம். அங்கே இருப்பது ‘பிகேஜிபில்ட்’ என்ற செய்முறைக் கோப்பு மட்டுமே. அதன்படி பொதியைக் கட்டுவது உங்கள் கணினி. உத்தியோகபூர்வக் களஞ்சியத்தைப் பார்க்கும் சிலரால் எல்லா மென்பொருளையும் சுமக்க முடியாது, அதனால்தான் இந்த ஏற்பாடு.

கிளிநொச்சியில் விதைநெல் எடுப்பதை நினையுங்கள். சான்றுபெற்ற மூடை ஒன்று. பக்கத்து வயல்காரர் தருவது மற்றது. அதுவும் நன்றாக முளைக்கலாம், ஆனால் களைவிதை கலந்திருக்கிறதா என்று அள்ளிப் பார்ப்பது உங்கள் வேலை.

முதலில் கணினியை முழுதாகப் புதுப்பித்து, கட்டும் கருவிகளின் தொகுப்பான ‘பேஸ்-டெவெல்’, செய்முறையை இறக்க உதவும் ‘கிட்’ இரண்டையும் நிறுவுங்கள். செய்முறையை இறக்கி, மூலக் கோப்புகள் இறங்கும் முகவரி மென்பொருளின் சொந்தத் தளம்தானா என்று வாசியுங்கள். பிறகு பொதியைக் கட்டும் ‘மேக்பிகேஜி’ கட்டளையை ஓட்டுங்கள். ரூட்டாக, அதாவது முழு நிர்வாக உரிமையுடன், ஓட்டினால் அது மறுத்துவிடும், சாதாரணப் பயனராகவே ஓட்டுங்கள். பொதி சார்ந்திருக்கும் நிரல் நூலகம் ஒன்று புதுப்பிக்கப்பட்டபின் பொதி திறக்காவிட்டால், மறுபடி கட்டினால் பெரும்பாலும் சரியாகும்.

ஆர்ச் தளத்தில் இருப்பதால் ஆர்ச் குழு சோதித்தது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, 2025 ஜூலையில் தீநிரல் கலந்த உலாவிப் பொதிகள் அங்கிருந்து நீக்கப்பட்டன.