புலம்பெயர்ந்த நாவலாசிரியர்கள் தங்கள் சொந்தக் கதையைத்தான் எழுதுகிறார்களா?

அப்படியே எழுதுவது குறைவு. ஆளை மாற்றி, வயதை மாற்றித்தான் எழுதுகிறார்கள். 2021-இல் நோபல் பரிசு பெற்ற அப்துல்ரசாக் குர்னாவையே எடுத்துக்கொள்ளுங்கள். கிழக்கு ஆப்பிரிக்கக் கரையோரத் தீவான சான்சிபாரில் பிறந்தவர். அரபு சுல்தானின் ஆட்சியைக் கவிழ்த்த 1964 புரட்சிக்குப் பிறகு அங்கே அரபு வம்சாவளியினர் பட்ட பாட்டைப் பார்த்தவர். இருபது வயதுகூட ஆகாத நிலையில் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார்.

ஆனால் 'பை த சீ' நாவலில் இங்கிலாந்தின் கேட்விக் விமான நிலையத்தில் அகதியாக வந்து இறங்கும் சாலே ஒமருக்கு வயது 65. டிக்கெட் விற்றவன் சொல்லிவைத்தபடி, இங்கிலீஷ் தெரிந்தும் தெரியாதவர்போல் நிற்கிறார். குடிவரவு அதிகாரி பையைக் கிளறி, வாசனைப் பொருள் வைத்திருந்த சின்னப் பெட்டியை எடுத்துத் தனக்கென்று வைத்துக்கொள்கிறார். இத்தனைக்கும் அந்த அதிகாரியின் பெற்றோரும் ருமேனியாவிலிருந்து அகதிகளாக வந்தவர்கள்தான்! குர்னாவுக்கு இது நடந்ததா என்று தேடுவது வீண் வேலை. அதிகாரி முன் வாயடைத்து நிற்பவரின் சங்கடத்தை இவ்வளவு நுணுக்கமாக எழுத முடிந்ததில்தான், என் வாசிப்பில், அவர் வாழ்க்கை தெரிகிறது.

அப்புறம், எல்லாவற்றையும் அனுபவத்தோடு முடிச்சுப்போடவும் முடியாது. 1994-இல் வந்த 'பாரடைஸ்', அவர் பிறப்பதற்கு முந்தைய, கிழக்கு ஆப்பிரிக்காவின் ஜெர்மன் ஆட்சிக் காலத்தில் நடக்கிறது. அப்பாவின் கடனுக்கு ஈடாக வியாபாரியோடு அனுப்பப்படும் யூசுஃப் என்ற சிறுவனின் கதை. குர்ஆனில் வரும் யூசுஃப் நபி வரலாற்றின் சாயலும் அதில் உண்டு.