பாஸ் மீனுக்கு முதல் பெய்ட்காஸ்டிங் ரீல்: எதை வாங்குவது, வீசும்போது நரம்பு ஏன் சிக்குகிறது?

பெய்ட்காஸ்டிங் ரீலில், வீசும்போது நரம்பு (தூண்டில் நூல்) சுற்றிய உருளையான ஸ்பூலே சுழன்று நரம்பை விடும். முதல் செட்டுக்கு 7 அடி நீள, மீடியம் ஹெவி (ஓரளவு விறைப்பான), ஃபாஸ்ட் ஆக்ஷன் (நுனிப் பகுதி மட்டும் அதிகம் வளையும்) ராடு, அதாவது தூண்டில் கம்பு, போதும். ரீலின் கியர் விகிதம் (கைப்பிடியின் ஒரு சுற்றுக்கு ஸ்பூல் சுழலும் சுற்றுகள்) 6.3:1 முதல் 7.1:1 வரை இருக்கலாம். நரம்பு 12 முதல் 15 பவுண்டு தாங்கும் மோனோ (ஒற்றை இழை நைலான்). பிரெய்டு (பல இழை பின்னிய நரம்பு) பிறகு பார்த்துக்கொள்ளலாம். மெல்லிய பிரெய்டு ஸ்பூலுக்குள் புதைந்து சிக்கலை இன்னும் மோசமாக்கும்.

சிக்கலுக்குக் காரணம் ஒன்றுதான்: லூர் (செயற்கை இரை) காற்றில் வேகம் குறைகிறது, ஸ்பூல் அதே வேகத்தில் சுழல்கிறது. வெளியேற முடியாத நரம்பு உள்ளேயே பந்தாகிறது.

நரம்பை ஸ்பூல் விளிம்புக்கு 3 மி.மீ. கீழே வரை சுற்றுங்கள். 10 முதல் 14 கிராம் லூர் கட்டுங்கள். 5 கிராமுக்கும் குறைந்த லூரோடு பழகத் தொடங்குவது வீண் பாடு. கைப்பிடிப் பக்கமுள்ள டென்ஷன் திருகை இறுக்கி, ஸ்பூலை விடுவிக்கும் கட்டைவிரல் பொத்தானை அழுத்துங்கள். பிறகு லூர் மெதுவாக இறங்கும் அளவுக்குத் திருகைத் தளர்த்துங்கள். லூர் தரையைத் தொட்டதும் ஸ்பூல் நின்றுவிட வேண்டும். லூர் மாற்றும்போதெல்லாம் இதைத் திரும்பச் செய்ய வேண்டும். பலர் விடுவது இதைத்தான். எதிர்ப் பக்கமுள்ள பிரேக்கை முக்கால் பங்கில் வைத்துத் தொடங்கி, கை பழகியபின் ஒவ்வொரு படியாகக் குறையுங்கள்.

எந்த பிரேக்கும் கட்டைவிரலுக்கு ஈடாகாது. லூர் தண்ணீரைத் தொடும் கணத்துக்குச் சற்று முன் ஸ்பூலை அழுத்தி நிறுத்துங்கள். எதிர்காற்றில் பிரேக்கைக் கூட்டி, தாழ்வாக வீசுங்கள்.

சிக்கிவிட்டால் இழுக்காதீர்கள். டிராகை (மீன் இழுக்கும்போது நரம்பை விட்டுக்கொடுக்கும் அமைப்பை) இறுக்கி, ஸ்பூலைக் கட்டைவிரலால் அழுத்தியபடி கைப்பிடியை இரண்டு சுற்று சுற்றுங்கள். பிறகு பொத்தானை அழுத்தி நரம்பை மெதுவாக உருவினால் பெரும்பாலும் அவிழ்ந்துவிடும்.