எதிர்ப்பை மீறி மூச்சு இழுக்கும் பயிற்சிக் கருவி: கேள்வி பதில்

கேள்வி: ஆபரேஷன் முடிந்து வந்தபோது மூன்று பந்து உள்ள பிளாஸ்டிக் கருவி கொடுத்தார்கள். மூச்சுப் பயிற்சிக் கருவி என்று நீங்கள் சொல்வதும் அதுதானே?

பதில்: இல்லைங்க. பந்துக் கருவியில் எதிர்ப்பு பெயருக்குத்தான். எவ்வளவு வேகமாக இழுக்கிறீர்கள் என்பதைப் பந்து காட்டும். பெரும்பாலானவற்றில் நொடிக்கு 600, 900, 1200 மி.லி. என்று எழுதியிருக்கும். படுத்தே கிடந்து நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கிவிடாமல் விரியவைப்பது அதன் வேலை. நான் சொல்வதில் உள்ளே ஒரு ஸ்பிரிங் வால்வு இருக்கும். குமிழைத் திருப்பி நீங்கள் வைத்த அழுத்தத்தை எட்டினால்தான் வால்வு திறந்து காற்று வரும். உதரவிதானத்துக்கும் (நுரையீரலுக்குக் கீழே உள்ள மூச்சுத் தசை) விலா இடைத் தசைகளுக்கும் அது டம்பெல் மாதிரி.

கேள்வி: குமிழை எந்த எண்ணில் வைப்பது? என் தம்பி எடுத்த எடுப்பிலேயே கடைசி எண்ணில் வைத்து இழுக்கிறான்.

பதில்: தம்பி இழுக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். தோள் காதை நோக்கி ஏறுகிறதா? கழுத்து புடைக்கிறதா? "க்ளக்" என்று வால்வு ஒரு நொடி திறந்து உடனே மூடிவிடுகிறதா? அப்படியானால் அவர் பாதி மூச்சுதான் இழுக்கிறார், அதுவும் கழுத்துத் தசையால். வீம்புக்குச் செய்வதில் பலனில்லை.

முழுப் பலத்தோடு இழுக்கும்போது வரும் அழுத்தத்தைப் பிசியோதெரபிஸ்டிடம் அளந்துகொள்ளலாம். எத்தனை செ.மீ. உயர நீரின் அழுத்தம் என்ற அளவில் சொல்வார்கள். அதில் 30 சதவீதத்தில் தொடங்கி, பழகப் பழக 50க்குப் போவது வழக்கம். அளக்க வசதியில்லையா? ஒரு வேளைக்கு 30 மூச்சு; அந்த 30ஐயும் முழுதாக இழுக்க முடிந்து, கடைசி நாலைந்து மட்டும் திணறவைக்கும் எண்தான் உங்கள் எண். அந்த நாலைந்தும் சுலபமாகிவிட்டால் குமிழைக் கொஞ்சம் திருப்புங்கள். காலை 30, மாலை 30 போதும்.

கேள்வி: மெதுவாக இழுக்கணுமா, வேகமாகவா?

பதில்: நிமிர்ந்து உட்கார்ந்து, மூக்குக்கு கிளிப் போட்டு, முதலில் காற்றை நன்றாக வெளியே விடுங்கள். பிறகு ஒரே இழுப்பில், வேகமாக, நெஞ்சு நிறையும்வரை. வெளிவிடுவது மட்டும் நிதானமாக. ஓட்டையின் அளவை மாற்றி எதிர்ப்பு தரும் மலிவுக் கருவிகளில் ஒரு சூட்சுமம் உண்டு: மெதுவாக உறிஞ்சினால் எதிர்ப்பே தெரியாது. முப்பது மூச்சும் முடிந்துவிடும், தசைக்கு வேலையே இருக்காது. ஸ்பிரிங் வால்வை அப்படி ஏமாற்ற முடியாது.

கேள்வி: பத்து மூச்சிலேயே தலை சுற்றி, விரல் நுனி மரத்துப்போகிறது.

பதில்: விடாமல் அடுத்தடுத்து இழுக்கிறீர்கள். ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு அளவுக்கு மீறிக் குறைந்தால் இப்படித்தான் ஆகும். கருவியை வாயிலிருந்து எடுத்துவிட்டு, சாதாரணமாக மூச்சு விட்டு, சரியானபின் தொடருங்கள். நெஞ்சு வலித்தால் நிறுத்திவிட்டு உடனே டாக்டரிடம் போங்கள்.

கேள்வி: இதில் பிரஷர் குறையுமாமே, மாத்திரையை விட்டுவிடலாமா?

பதில்: விடக் கூடாது. நீங்கள் கேள்விப்பட்டது கொலராடோ போல்டர் பல்கலைக்கழகம் 2021இல் வெளியிட்ட ஆய்வாக இருக்கலாம். தினம் 30 மூச்சு, வாரம் 6 நாள், 6 வாரம்; மேல் அளவு சராசரியாக 9 புள்ளி குறைந்தது. நல்ல செய்திதான். ஆனால் பங்கெடுத்தவர்கள் 36 பேர், இழுத்ததும் தங்கள் முழுப்பலத்தில் 75 சதவீத எதிர்ப்பில். வீட்டில் பிரஷரை அளந்து எழுதிவையுங்கள். மாத்திரையைக் குறைப்பதை டாக்டர் முடிவு செய்யட்டும்.

கேள்வி: அப்பாவுக்கு சிஓபிடி, அதாவது மூச்சுக்குழாய் அடைத்து நுரையீரல் சிதையும் நாள்பட்ட நோய். நுரையீரல் சரியாகுமா?

பதில்: ஆகாது. சிதைந்த நுரையீரலை எந்தக் கருவியும் மீட்காது. தசை வலுவானால் மூச்சிரைப்பு கொஞ்சம் குறைவாகத் தெரியும், அவ்வளவுதான். அவர் ஏற்கெனவே முறையான நடைப்பயிற்சி, சைக்கிள் பயிற்சி செய்கிறார் என்றால், கூடுதலாக இது தருவது சொற்பம். என்னைக் கேட்டால், இரண்டில் ஒன்றுக்குத்தான் தெம்பு இருக்கிறதென்றால் நடக்கச் சொல்வேன்.

கேள்வி: யார் தொடவே கூடாது?

பதில்: நியூமோதொராக்ஸ் (நுரையீரலைச் சுற்றிக் காற்று புகுந்து அது சுருங்குவது) வந்தவர்கள், காதுச் சவ்வு கிழிந்தவர்கள், அண்மையில் நெஞ்சு, வயிறு, கண், காது ஆபரேஷன் ஆனவர்கள், ரத்தக்குழாய்ச் சுவர் பலூன் மாதிரி உப்பியவர்கள் (அனியூரிசம்) டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

கேள்வி: கொதிநீரில் போடலாமா?

பதில்: வேண்டாம், பிளாஸ்டிக் வளைந்துவிடும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவி, உதறி, கவிழ்த்துக் காயவையுங்கள். தம்பிக்கு ஒன்று, உங்களுக்கு ஒன்று.