ஏலத் தோட்டத்து ஈரப்பத சென்சார் எப்போதும் ‘வறட்சி’ என்றே காட்டுவது குறித்து

வணக்கம் ஐயா. வண்டன்மேட்டுத் தோட்டத்தில் பதித்த இரண்டு கால் ஈரப்பத சென்சார், மூன்று வாரங்களுக்குப் பின் மழையிலும் வறட்சி என்றே காட்டுவதாகவும், அதை நம்பி மோட்டார் இரவு முழுவதும் ஓடியதாகவும் எழுதியிருந்தீர்கள். கம்பத்திலிருந்து மலையேறித் தோட்டம் பார்க்கும் எனக்கும் இதே நிலை நேர்ந்ததால் உங்கள் கவலை புரிகிறது.

சென்சாரைப் பிடுங்கிக் கழுவிப் பாருங்கள்; ஒரு கால் கறுத்து, செம்புப் பூச்சு அரித்துப் போயிருக்கும், மற்றது ஏறக்குறைய புதிதாகவே இருக்கும். ஈர மண்ணில் நேர்மின்னோட்டம் இடைவிடாது பாய்வதால் நேர்மின்வாயாக உள்ள கால் மின்பகுப்பில் கரைகிறது. அதனால் மின்தடை கூடுகிறது, உலர்ந்த மண்ணிலும் மின்தடை கூடுதலாகவே இருக்கும் என்பதால் மோட்டாரை இயக்கும் நிரல் அதையே வறட்சி என எடுத்துக்கொள்கிறது. ஆகவே கோளாறு உங்கள் நிரலில் இல்லை.

மண்ணின் ஈரத்தை மின்தேக்குத்திறனைக் கொண்டு அளக்கும் கெபாசிட்டிவ் வகை சென்சாருக்கு மாறிவிடுங்கள். அதில் உலோகம் மண்ணைத் தொடுவதில்லை. ஆனால் பலகையின் வெட்டு விளிம்புகள் நீரை உறிஞ்சும் என்பதால் அங்கே நெயில் பாலிஷ் இரண்டு முறை பூசி, மேலேயுள்ள மின்சுற்றை மண்ணுக்கு வெளியே நிறுத்த வேண்டும். உங்கள் தோட்டத்து மண்ணையே நன்கு உலர்த்தி ஓர் அளவும், நனைத்து வடியவிட்டு ஓர் அளவும் எடுத்து எல்லைகளை வகுத்துக்கொள்ளுங்கள். இலைமக்கு மிகுந்த மலைமண்ணுக்குக் கம்பத்து வயல்மண்ணின் அளவு பொருந்தாது.

நிரல் ஓடும் இஎஸ்பி32 என்ற சிறு கணினிப் பலகையில் சென்சாரை 32 முதல் 39 வரையிலான பின்களில் (இணைப்பு முனைகளில்) ஒன்றிலேயே இணைத்துவிடுங்கள். மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் இரண்டாம் பகுதியான ஏடிசி2-இன் பின்கள் வைஃபை இயங்கும்போது பயன்படா. சென்சார் எதுவானாலும், குறித்த நேரத்திற்கு மேல் மோட்டார் ஓடினால் தானே நிற்கும்படி நிரலில் கட்டாயம் சேர்த்துவிடுங்கள்.