மனநோய்க்கு மருந்து எடுப்பவருக்கு உடல் பரிசோதனை தனியாகத் தேவையா?

மனச்சிதைவு நோய்க்கு மருந்து எடுத்துவரும் தம்பிக்குச் சில மாதங்களில் எடை ஏறிவிட்டது, மனநல மருத்துவரைத் தவறாமல் பார்த்துவரும்போது உடலுக்கென்று தனியாகப் பரிசோதனை வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டாயம் வேண்டும். அதற்கு யார் பொறுப்பு என்பதையும் இப்போதே பேசி முடிவுசெய்துகொள்ளுங்கள். நான் மருத்துவர் அல்லன். இதே நோயுள்ள என் அண்ணனைப் பல ஆண்டுகளாகக் கவனித்துவருபவன்.

கடுமையான மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 ஆண்டுகள் முன்னதாக இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. தற்கொலையால்தான் இப்படி என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். தற்கொலையும் ஒரு காரணம்தான். ஆனால் பெரும்பாலான உயிர்களைப் பறிப்பவை இதயநோய், பக்கவாதம், சர்க்கரை நோய், நுரையீரல் நோய் முதலியவை. அவற்றில் பலவும் முன்கூட்டியே கண்டறிந்தால் தடுக்கக்கூடியவை. மனநல மருத்துவர் மனத்தைப் பார்க்கிறார், பொது மருத்துவரோ இவர் ஏற்கெனவே ஒரு மருத்துவரிடம் இருக்கிறார் என்று விட்டுவிடுகிறார். இருவருக்கும் நடுவில் உடல் கேட்பாரற்றுப் போகிறது.

மனச்சிதைவுக்குத் தரப்படும் ஓலன்சபின், குளோசபின் போன்ற மருந்துகள் பசியைத் தூண்டி எடையைக் கூட்டுவதோடு ரத்தச் சர்க்கரையையும் கொழுப்பையும் உயர்த்தக்கூடியவை. இந்த ஏற்றம் முதல் சில வாரங்களிலேயே தொடங்கிவிடுவதால், மருந்து தொடங்கும்போதே எடை, இடுப்புச் சுற்றளவு, ரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றை அளந்து வைத்துக்கொண்டு, 4, 8, 12ஆம் வாரங்களில் எடையையும், 12ஆம் வாரத்தில் ரத்தப் பரிசோதனைகளையும் மறுபடி பார்ப்பது நல்லது; பிறகு ஆண்டுக்கு ஒருமுறையாவது பார்க்க வேண்டும். உங்கள் தம்பிக்கு முதலில் எதுவும் அளக்கவில்லையென்றால் இன்றைய அளவையே தொடக்கமாகக் குறித்துக்கொள்ளுங்கள். எடை ஏறுகிறதே என்று பயந்து மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மருந்தே எடுக்காதவர்களைவிட எடுப்பவர்களிடையே இறப்பு விகிதம் குறைவு என்றே பின்லாந்தில் நடந்த நீண்டகால ஆய்வுகள் காட்டியுள்ளன. எடையை அதிகம் கூட்டாத மருந்துக்கு மாற்றுவது, சர்க்கரை நோய்க்குத் தரும் மெட்ஃபார்மின் மருந்தைச் சேர்ப்பது போன்ற வழிகள் உண்டு; மருத்துவரிடம் கேளுங்கள்.

அண்ணன் குளோசபின் எடுக்கத் தொடங்கிய பிறகு ஒருமுறை வயிற்றுவலி என்று சொன்னார். பார்த்த பொது மருத்துவர், மருந்துச் சீட்டைப் புரட்டியதும், வயிற்றில் கைவைத்துக்கூடப் பார்க்காமல், இதை மனநல மருத்துவரிடமே சொல்லுங்கள் என்று அனுப்பிவிட்டார். மனநல மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, மலம் கழித்து எத்தனை நாளாயிற்று என்பது. குளோசபின் குடலின் அசைவைக் குறைத்துவிடும். அதனால் வரும் மலச்சிக்கல் முற்றினால் உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதை அன்றுதான் அறிந்தேன். உங்கள் தம்பி வலி என்று சொன்னால், அவருக்கு மனநோய் இல்லாதிருந்தால் என்ன பரிசோதனை செய்வீர்கள் என்று மருத்துவரிடம் பணிவாகக் கேளுங்கள். சிலருக்கு இது பிடிக்காது, பரவாயில்லை.

புகைப்பழக்கம் இருந்தால் அதை விடவைப்பதுதான் உடலுக்குச் செய்யும் மிகப்பெரிய நன்மை. 'பாவம், அவருக்கு இருக்கும் ஒரே ஆறுதல்' என்று உறவினர்களே சிகரெட் வாங்கிக் கொடுப்பதை என்னால் ஏற்க முடிவதில்லை. ஆனால் குளோசபின், ஓலன்சபின் எடுப்பவர் புகைப்பதைத் திடீரென்று நிறுத்தினால் ரத்தத்தில் மருந்தின் அளவு கூடிவிடும். புகையிலுள்ள வேதிப்பொருட்கள் இம்மருந்துகளைக் கல்லீரல் விரைவாகச் சிதைக்கும்படி செய்கின்றன. புகை நின்றதும் அந்த வேகமும் குறைந்துவிடுகிறது. எனவே விடுவதற்கு முன்பே மருத்துவரிடம் சொல்லி மருந்தளவைச் சரிசெய்துகொள்ள வேண்டும்.

பல்லும் மறந்துபோகும் ஒன்று; சில மருந்துகள் வாயை உலரவைப்பதால் சொத்தை எளிதில் வரும். மனநிலையைச் சீராக வைக்கும் லித்தியம் என்ற மருந்தை எடுப்பவர்களுக்குச் சிறுநீரகம், தைராய்டு பரிசோதனைகளும் அவசியம். மருத்துவரைக் கேட்காமல் ஐபுப்ரோஃபென் போன்ற வலிநிவாரணிகளையும் அவர்கள் எடுக்கக் கூடாது.

மருந்துகளின் பெயர், அளவு, பரிசோதனை முடிவுகள், தேதிகள் ஆகியவற்றை ஒரே நோட்டில் எழுதி, இரு மருத்துவர்களிடமும் அதையே காட்டுங்கள். அடுத்தமுறை போகும்போது, ஆண்டுப் பரிசோதனையை உங்கள் இருவரில் யார் எழுதித் தருவீர்கள் என்று நேராகக் கேட்டு, அந்தப் பதிலையும் தம்பியின் முன்னிலையிலேயே அதில் குறித்துக்கொள்ளுங்கள்.