இஸ்ரவேலை ஏழே நாள்கள் ஆண்ட அரசன் யார்? அவனால் ஏன் நிலைக்க முடியவில்லை?

அவன் பெயர் சிம்ரி. ஞாயிறு பள்ளியில் வேத வினாடி வினாவுக்காக, "அதிக காலம் ஆண்டவன் மனாசே, 55 வருஷம், குறைந்த காலம் ஆண்டவன் சிம்ரி, 7 நாள்" என்று ஒரே மூச்சில் ஒப்பித்திருக்கிறேன். அந்த ஏழு நாள்களில் நடந்தது என்ன என்பது, பல ஆண்டுகள் கழித்து 1 இராஜாக்கள் 16ஆம் அதிகாரத்தை நிதானமாக வாசித்தபோதுதான் விளங்கியது.

காலம் ஏறத்தாழ கி.மு. 885. பிற்காலத் தலைநகரான சமாரியா இன்னும் எழும்பவில்லை. வட இஸ்ரவேலின் தலைநகர் திர்சா. பாஷாவின் மகன் ஏலா அரியணை ஏறி இரண்டாம் ஆண்டு நடக்கிறது. படை பெலிஸ்தருக்குரிய கிபெத்தோனை முற்றுகையிட்டிருக்க, அரசனோ திர்சாவில் அரமனை உக்கிராணக்காரனாகிய அர்சாவின் வீட்டில் குடித்து வெறித்துக் கிடந்தான். இரதங்களில் பாதிக்குத் தலைவனாக இருந்த சிம்ரி உள்ளே நுழைந்து அவனை வெட்டிக் கொன்றான். அரியணையில் அமர்ந்ததும் பாஷாவின் வீட்டாரில் ஓர் ஆண்மகனையும், உறவினர் நண்பர்களையும்கூட விட்டுவைக்கவில்லை.

பாஷாவும் இப்படித்தான் பட்டத்துக்கு வந்தவன் என்பதைக் கவனிக்க வேண்டும். வட இஸ்ரவேலின் முதல் அரசன் யெரொபெயாமின் மகனும் அப்போதைய அரசனுமான நாதாபை அவன் கொன்றது இதே கிபெத்தோனில், படை முழுவதும் முற்றுகையில் நின்றிருந்தபோது. பாஷா 24 ஆண்டுகள் ஆண்டான். சிம்ரி கொன்றதோ படை இல்லாத ஊரில். என் பார்வையில் அவன் தவறிய இடம் இதுவே. செய்தி பாளையத்தை எட்டிய அன்றே படையினர் தங்கள் சேனாதிபதி உம்ரியை அரசனாக்கினார்கள். சமவெளியிலிருந்து மலைநாட்டுத் திர்சாவுக்குப் படை ஏறிவந்து வளைத்துக்கொள்ள எத்தனை நாள் பிடித்ததோ, ஏறக்குறைய அத்தனை நாள்தான் சிம்ரியின் ஆட்சி. நகரம் பிடிபட்டதைக் கண்டவன் அரமனைக்குள் புகுந்து, அதற்குத் தீ வைத்துத் தானும் எரிந்து மாண்டான்.

யெரொபெயாமின் வழியில் நடந்து பாவம் செய்தான் என்று வட இஸ்ரவேலின் பெரும்பாலான அரசர்களுக்கும் எழுதப்படும் கண்டனம், ஏழு நாள் ஆண்ட இவனுக்கும் ஒரு சொல் குறையாமல் எழுதப்பட்டிருக்கிறது. உம்ரிக்கும் ஆட்சி உடனே கைகூடவில்லை. மக்களில் பாதிப்பேர் திப்னியின் பின்னே போனார்கள். அவனை வென்றபின்னரே உம்ரி ஆட்சியில் நிலைபெற்றான். பிறகு சேமேரிடம் இரண்டு தாலந்து வெள்ளிக்கு மலையை வாங்கிச் சமாரியாவைக் கட்டினான்.

ஏறத்தாழ 40 ஆண்டுகளுக்குப் பின், உம்ரியின் பேரன் யோராமைக் கொன்றுவிட்டு யெஸ்ரயேலுக்குள் நுழைந்த சேனைத் தலைவன் யெகூவை, ஜன்னலில் நின்ற யோராமின் தாய் யேசபேல் 'எஜமானைக் கொன்ற சிம்ரி' என்று சொல்லி ஏளனம் செய்தாள். ஆனால் யெகூவை ராமோத் கீலேயாத்தில் இருந்த சேனைத் தலைவர்கள், தங்கள் வஸ்திரங்களைப் படிகளில் விரித்து, எக்காளம் ஊதி முன்பே ராஜாவாக்கியிருந்தார்கள். அவன் ஆண்டது 28 ஆண்டுகள்.