பவர் மீட்டர் உரசிய செயின் ஸ்டே: தெரிவு செய்தது யார்?

கேள்வி: நான் ஹற்றனில் வசிக்கிறேன். இங்கிலாந்தில் பாவித்து அண்ணா அனுப்பிய கார்பன் சைக்கிளோகுரோஸ் (சேற்றுப் பாதைப் பந்தய) சைக்கிளுக்கு, இரண்டு மாதங்களுக்கு முன் கண்டியிலுள்ள ஒரு கடையில், இடது கிராங்கில் (பெடலைத் தாங்கும் கையில்) பவர் மீட்டர் (மிதிக்கும் வலுவை அளக்கும் கருவி) உள்ள கிராங்க் செட்டை 185,000 ரூபாய்க்கு வாங்கி, அங்கேயே பூட்டுவித்தேன். ஏற்றத்தில் மிதிக்கும்போது உரசும் சத்தம் கேட்டது. பயிற்சி தடைப்படக் கூடாதென்று மூன்று வாரங்கள் தொடர்ந்து ஓடினேன். இப்போது செயின் ஸ்டேயில் (பெடல் அச்சிலிருந்து பின்சில்லுக்குச் செல்லும் பிரேம் குழாயில்) ஆழமான கீறல். கேட்கப் போன என்னை முதலாளி ஏளனமாகப் பேசி அனுப்பிவிட்டார். கிராங்க், பிரேம் இரண்டுக்குமான பணத்துடன் மன உளைச்சலுக்கும் நட்டஈடு பெறலாமா?

பதில்: முதலாளியின் ஏளனத்தையும் உங்கள் மன உளைச்சலையும் விட்டுவிடுங்கள், ஒப்பந்த மீறல் வழக்கில் அவற்றுக்குப் பணம் கிடைப்பது அரிது. உங்கள் கடிதம் சொல்லாமல் விட்ட ஒன்றே இங்கு முக்கியமானது: அந்த மீட்டரைத் தெரிவு செய்தது நீங்களா, கடைக்காரரா?

1896ஆம் ஆண்டின் பொருட்கள் விற்பனைக் கட்டளைச் சட்டத்தின்படி, வாங்குபவர் தமது தேவையை எடுத்துச் சொல்லி, விற்பவரின் தொழிலறிவை நம்பி வாங்கினால், பொருள் அத்தேவைக்குப் பொருந்த வேண்டும் என்பது எழுதப்படாமலே ஒப்பந்தத்தின் நிபந்தனையாகிவிடும். ஆனால் வியாபாரப் பெயரைக் குறிப்பிட்டு இன்ன மொடல்தான் வேண்டுமென்று கேட்டு வாங்கியவருக்கு அந்த நிபந்தனை இல்லை. சைக்கிளோகுரோஸ் பிரேமில், 33 மில்லிமீற்றர் டயருக்கும் அதில் அப்பும் சேற்றுக்கும் இடம் விடுவதற்காகச் செயின் ஸ்டே அகன்று செல்வதால், கிராங்கின் உட்புறத்தில் ஒட்டப்பட்ட மீட்டருக்கு இடைவெளி போதுமா என்பதை வாங்குமுன் அளந்து பார்க்க வேண்டும். வட்ஸ்அப்பில் நீங்கள் பிரேமின் படத்தை அனுப்பி "இதற்கு எது பொருந்தும்?" என்று கேட்டிருந்தால் உங்கள் நிலை வலுவானது. மொடலின் பெயரை எழுதி "இது இருக்கிறதா?" என்று மட்டும் கேட்டிருந்தால், பூட்டிய வேலையின் கவனக்குறைவு ஒன்றே உங்களிடம் எஞ்சும், அதற்கும் கடைக்காரர், ஸ்டாண்டில் வைத்துச் சுற்றியபோது உரசவில்லை, எழுந்து நின்று மிதிக்கையில் பிரேம் வளைவதற்குத் தாம் பொறுப்பல்ல என்பார். அந்த வாதம் முற்றிலும் பொய்யுமல்ல.

வழக்குக்காக என்னிடம் வரும் கட்சிக்காரர்கள் தோற்பது பெரும்பாலும் சேதத்தைக் கண்ட பின்னர் செய்யும் காரியத்தால்தான். கோபத்தில் வேறொரு மெக்கானிக்கிடம் கொடுத்துக் கிராங்கைக் கழற்றுவித்து, வொஷர் போட்டு, கீறலுக்கு ரெசின் பசை பூசி, அழகாக்கிய வண்டியுடன் என்னிடம் வருவார்கள். அந்த நிமிடமே கடைக்காரரின் சட்டத்தரணிக்கு "இரண்டாவது ஆள் கெடுத்தது" என்ற பதில் கிடைத்துவிடுகிறது. ஆகவே எதையும் கழற்றாதீர்கள், ஓட்டாதீர்கள். கிராங்கும் ஸ்டேயும் சேர்ந்து தெரியும்படி படமெடுத்து, கடைக்கு எழுத்தில் முறையிட்டு, பார்வையிட ஒரு திகதி கொடுங்கள். சத்தம் கேட்ட பின்பும் மூன்று வாரங்கள் ஓடியதாக எனக்கு எழுதியதைப் போல் கடைக்கும் எழுதியிருந்தால், பொருளை நீங்கள் ஏற்றுக்கொண்டதாகவும், கீறல் ஆழமானது உங்கள் செயலால் என்றும் அவர்கள் வாதிடுவார்கள். ஏற்றுக்கொண்ட பொருளைத் திருப்பிக் கொடுத்து முழு விலையைக் கேட்க முடியாது. நட்டஈடு மட்டுமே கேட்கலாம்.

பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்து மூலம் முறையிட, விற்பனையிலிருந்து மூன்று மாதங்களே உண்டு. உங்களுக்கு ஏறக்குறைய ஒரு மாதம் மீதமிருக்கிறது. முகநூலில் கடையின் பெயரைப் போட்டு எழுதுவதால் அவர்களுக்கு எதிர்வழக்கு ஒன்று கிடைக்குமே தவிர உங்களுக்குச் சதமும் கிடைக்காது.

வெளிப்படையாகச் சொல்வதானால், சமரசம் செய்யுங்கள். பாவித்த பிரேமுக்குப் பற்றுச்சீட்டு இல்லாமல் பெறுமதியை நிரூபிப்பது கடினம். கார்பன் சேதத்தைப் பற்றிச் சாட்சி சொல்லத் தகுந்த ஒருவரைத் தேடிப் பிடித்து நீதிமன்றத்துக்கு அழைத்துவரும் செலவே உங்கள் கோரிக்கையின் பெரும்பகுதியை விழுங்கும். மீட்டரைத் திருப்பி எடுத்து, பெடலில் அளக்கும் மீட்டர் ஒன்றை விலை வித்தியாசத்துக்குத் தரவும், பிரேம் திருத்தும் செலவில் பாதியை ஏற்கவும் கடைக்காரர் இணங்கினால் ஒத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஸ்டேயை உரிய ஒருவர் பரிசோதித்து எழுத்தில் தரும்வரை, "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற வாசகமுள்ள எந்தத் தாளிலும் கையொப்பமிடாதீர்கள். கார்பனின் உள்வெடிப்பு பின்னரே தெரியவரலாம்.